நடப்பதற்கென்றே ஒரு பயணம்



பள்ளிக்கூட விடுமுறை நெருங்கிவிட்டால் நம் இல்லங்கள் யாவற்றிலும் ஒரு கேள்வி தவறாமல் எழுந்துவிடுகிறது. ‘இவ்வாண்டு எங்கே செல்வது?’ என்பதே அது. அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் வாழும் நமக்கு இக்கேள்விக்கான விடைகள் மிகச் சிலவே. கடற்கரை என்றால் கூட்டம். உதகை என்றால் செலவு. உறவினர் வீடு என்றால் அங்கேயும் அதே கூடம், அதே தொலைக்காட்சி. சற்று நிதானமாக எண்ணிப் பாருங்கள். கடந்த ஐந்தாண்டுகளில் உங்கள் குடும்பத்தார் அனைவரும் ஒன்றாகப் புறப்பட்ட பயணங்கள் எவை? கல்யாணம், மவுத்து, மருத்துவமனை. இம்மூன்றையும் கழித்துவிட்டால் எஞ்சுவது என்ன? பல குடும்பங்களில் எதுவுமே எஞ்சுவதில்லை.

இத்திங்கள் நான் உங்களை அழைத்துச் செல்ல விரும்பும் இடம் ஆரவாரம் அற்றது. அங்கே பார்ப்பதற்கென்று பெரிதாக ஒன்றுமில்லை, நடப்பதற்குத்தான் இடமிருக்கிறது. ‘பார்க்க ஒன்றுமில்லாத ஊருக்கு எதற்குப் பயணம்?’ என்று கேட்பீர்கள். அதற்கு விடை சொல்ல ஜெர்மனி நாட்டிலுள்ள ஒரு சிற்றூரை முதலில் உங்களுக்குக் காட்ட வேண்டும். நான் அங்கே சென்றவனல்லன். நூல்களின் வாயிலாக அறிந்ததைத்தான் சொல்கிறேன்.

ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில் ஷ்வார்ட்ஸ்வால்ட், அதாவது கருங்காடு என்று பெயர் பெற்ற மலைத்தொடர் இருக்கிறது. அதன் வடபகுதியில் நாகோல்ட் என்னும் சிற்றாற்றின் கரைகளில் அமைந்த ஊர் கால்வ். மரச்சட்டங்களுக்கிடையே சுவர் எழுப்பிய பழைய வீடுகள், நூற்றாண்டுகள் பல கண்ட கற்பாலம், ஊரைச் சூழ்ந்த சரிவுகளில் அடர்ந்த காடு. நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் ஹெர்மன் ஹெஸ்ஸே 1877இல் பிறந்த ஊர் இது. ஆயினும் அவரைக் காட்டிலும் நமக்கு நெருக்கமானவர் அவருடைய தாய்வழிப் பாட்டனார் ஹெர்மன் குண்டர்ட். 1836இல் சென்னைக்கு வந்து, தமிழ் கற்று, பின்னர் மலபார்க் கரையில் இருபதாண்டுக் காலம் வாழ்ந்து, மலையாள மொழிக்கு இலக்கணமும் அகராதியும் தந்த அறிஞர் அவர். நாடு திரும்பிய பின் அவர் குடியேறியது இந்தக் கால்வில்தான். அவருடைய மலையாள அகராதி 1872இல் வெளிவந்தபோது அவர் வாழ்ந்ததும், 1893இல் காலமானதும் இவ்வூரிலேயே. தலச்சேரிச் சொற்களைக் கருங்காட்டு ஊர் ஒன்றில் அமர்ந்து ஒருவர் அடுக்கிக் கொண்டிருந்தார் என்று எண்ணும்போது வியப்பாக இல்லையா?

நாகோல்ட் ஆறு என்ஸ் ஆற்றில் கலக்கிறது. என்ஸ் நெக்கர் ஆற்றில் கலக்கிறது. நெக்கர் ஹைடல்பெர்க் நகரைத் தழுவிக்கொண்டு ஓடுகிறது. ஹைடல்பெர்க் என்றதும் அல்லாமா இக்பாலின் நினைவு வராமற்போகுமா? 1907ஆம் ஆண்டுக் கோடையில் ஜெர்மன் மொழி பயில அங்கே தங்கியிருந்த இக்பால், நெக்கர்க் கரையின் மாலைப்பொழுது ஒன்றைப் பற்றி உருதுவில் பாடினார். அவருடைய ‘பாங்கே தரா’ தொகுப்பில் அக்கவிதையைக் காணலாம். போரோ புரட்சியோ அதில் இல்லை. ஓசையடங்கிய இயற்கையே அதன் பொருள். சமுதாயத்தையே தட்டி எழுப்பிய கவிஞருக்கும் ஓரிரு திங்கள் ஓர் ஆற்றங்கரை தேவைப்பட்டிருக்கிறது! அந்நகரத்தார் நெக்கர்க் கரையின் ஒரு பகுதிக்கு அவர் பெயரையே சூட்டியிருக்கின்றனர்.

இத்தகைய ஊர்களுக்கு விடுமுறைக்குச் செல்வோர் அங்கே என்ன செய்கிறார்கள்? நடக்கிறார்கள், அவ்வளவுதான். 1864இல் தொடங்கப்பட்ட கருங்காட்டுச் சங்கம், ஜெர்மனியின் மலைநடைச் சங்கங்களுள் மூத்தது. ஃபோர்ட்ஸ்ஹைம் நகரிலிருந்து சுவிட்சர்லாந்தின் பாசல் நகர்வரை ஏறத்தாழ 285 கி.மீ. நீளமுள்ள நெடுநடைப் பாதையை அச்சங்கம் 1900ஆம் ஆண்டில் வகுத்தது. சிவப்பு வண்ணத்தில் சாய்சதுரக் குறி ஒன்றை மரந்தோறும் கம்பந்தோறும் இட்டு வைத்திருப்பதால் புதியவரும் வழி தவறுவதில்லை. 1975ஆம் ஆண்டு வனச் சட்டத்தின்படி, ஓய்வுக்காகக் காட்டுக்குள் செல்ல எவருக்கும் உரிமையுண்டு. காடு தனியாருடையதாக இருந்தாலும் சரியே. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்குப் பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும். அந்நாளின் ஓய்வை அந்நாட்டு அரசியல் சட்டமே காக்கிறது. பேரன் முன்னே ஓட, பாட்டி கைத்தடியை ஊன்றிப் பின்னே வர, குடும்பமாக நடக்கின்றனர்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அக்காடு அவர்களுக்குத் தானாகக் கிடைத்த செல்வமன்று. 18ஆம் நூற்றாண்டில் அம்மரங்களை வெட்டித் தெப்பங்களாகக் கட்டி, ஆற்றில் மிதக்கவிட்டு, ஹாலந்து நாட்டுக் கப்பல் கட்டும் துறைகளுக்கு விற்றனர். எஞ்சியவற்றைக் கண்ணாடித் தொழிலும் கரிமூட்டமும் தின்றன. மலைச்சரிவுகள் பல மொட்டையாகிப் போயின. பின்னர் 19ஆம் நூற்றாண்டில் நட்டு வளர்த்த மரங்களே இன்று காணும் காட்டின் பெரும்பகுதி.

‘எங்களை ஜெர்மனிக்கா போகச் சொல்கிறீர்?’ என்று நீங்கள் இந்த ஏட்டை மடிக்கப் பார்ப்பது தெரிகிறது. வேண்டியதில்லை. நம் வீடுகளுக்குப் பின்னால் இரவும் பகலும் தடதடத்துக்கொண்டு போகிறதே இருப்புப்பாதை, அதைப் பிடித்துக்கொண்டு மேற்கே சென்றால் போதும். 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடிய பாதை இதுவே. அம்பத்தூர், ஆவடி, அரக்கோணம், காட்பாடி, ஆம்பூர், வாணியம்பாடி என்று கடந்து, சென்னையிலிருந்து 210 கி.மீ.க்குச் சற்று மேல் சென்றால் ஜோலார்பேட்டை. அங்கிருந்து பேருந்தில் ஏறினால் ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவில் ஏலகிரி. பூந்தமல்லி வாசகர்கள் தங்கள் ஊர் வழியே செல்லும் பெங்களூர் நெடுஞ்சாலையிலேயே வாணியம்பாடி வரை சென்றுவிடலாம். மலையடிவாரத்து ஊரின் பெயர் பொன்னேரி. நம் திருவள்ளூர் மாவட்டத்துப் பொன்னேரியோடு குழப்பிக்கொண்டு வண்டியை வடக்கே திருப்பிவிடாதீர்கள்!

2019இல் பிரிக்கப்பட்ட திருப்பத்தூர் மாவட்டத்தில் அடங்கிய இம்மலை, கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் அமைந்த ஒரு மேட்டுநிலம். அத்தனாவூர், நிலாவூர், புங்கனூர், மங்கலம் என்று 14 சிற்றூர்கள். ஏறிச் செல்லும் சாலையில் கொண்டை ஊசி வளைவுகளும் 14. அவற்றுக்குப் புலவர்களின் பெயர்களையும் கடையெழு வள்ளல்களின் பெயர்களையும் சூட்டியிருக்கிறார்கள். பிள்ளைகளைச் சன்னலோரம் அமர்த்தி அப்பலகைகளை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். தலை சுற்றலும் வாந்தியும் மறந்து போகும். முல்லைக்கொடிக்குத் தேரை ஈந்த பாரியும், மயிலுக்குப் போர்வை தந்த பேகனும் அந்த வரிசையில் வருகின்றனர். காட்டுக்குள் நுழையும் முன் சந்திக்கத் தக்க இருவர்தாம்.

மேலே சென்றதும் உதகையின் பொலிவை எதிர்பாராதீர்கள். தேயிலைத் தோட்டம் இல்லை. பொம்மை ரயில் இல்லை. பலா மரங்களும் கொய்யாத் தோப்புகளும், இடையிடையே வயல்களும், புங்கனூரில் ஓர் ஏரியும் உண்டு. மங்கலம் சிற்றூரிலிருந்து சுவாமிமலை என்னும் உச்சிக்கு ஏறத்தாழ 3 கி.மீ. காட்டுப்பாதை செல்கிறது. ஏலகிரியின் மிக உயர்ந்த இடம் அதுவே. 1,300 மீட்டருக்கும் மேல். மலையின் மறுபுறச் சரிவில் ஜலகாம்பாறை அருவி விழுகிறது. மழைக்காலம் கழிந்தவுடன் சென்றால் நீர் இருக்கும்.

இம்மலையிலுள்ள மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்தார் என்று நினைத்துவிட வேண்டாம். மலையில் வாழ்வோர் என்ற பொருளில் அமைந்த பெயர் அது. அவர்கள் பேசுவது தமிழே. காஞ்சிபுரத்திலிருந்து வந்து குடியேறியதாக அவர்களிடையே வழிவழிக் கதை உண்டு. நாம் அங்கே விருந்தினர். அவர்களுடைய கொய்யாவைக் கேட்காமல் பறிப்பதும், வீட்டு வாயிலில் நின்று படமெடுப்பதும், நம் தெருவில் வேற்றூரார் செய்தால் நாம் பொறுப்போமா?

காட்டோரங்களில் ‘காப்புக்காடு’ என்னும் பலகைகளைக் காண்பீர்கள். அச்சொல்லின் பின்னாலும் ஒரு ஜெர்மானியர் நிற்கிறார். பான் நகரில் பிறந்த தாவரவியலாளர் டீட்ரிக் பிராண்டிஸ், 1864இல் இந்திய வனத்துறையின் முதல் தலைமை அதிகாரியானார். கருங்காட்டில் நடைச் சங்கம் தோன்றிய அதே ஆண்டு! 1880களின் தொடக்கத்தில் அவர் சென்னை மாகாணத்திற்கு வந்து அளித்த ஆலோசனைகளின் வழியே 1882ஆம் ஆண்டு வனச் சட்டம் உருவாயிற்று. காடுகள் பலவற்றை அச்சட்டம் கோடரியிலிருந்து காத்தது என்பது உண்மை. விறகுக்கும் மேய்ச்சலுக்கும் காட்டை நம்பியிருந்தவர்களை அன்னியராக்கியதும் அதே சட்டம்தான். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் வரும் வரையில் அவ்வநீதிக்குச் சட்டப்படி மறுமொழி கிட்டவில்லை. ஜெர்மனியில் மக்களுக்குக் காட்டைத் திறந்துவிட்டனர். இங்கே பலகை நட்டு மூடினர். மரம் வளர்க்கும் கலையைக் கொண்டுவந்த ஆங்கில அரசு, அக்கலையோடு வந்திருக்க வேண்டிய உரிமையை விட்டுவிட்டு வந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகிறேன். நம் குடும்பங்கள் சுற்றுலா செல்லும் விதம் உங்களுக்குத் தெரியாததன்று. வேன் பேசுகிறோம். அதில் முதலில் ஏறுவது யார்? பிரியாணி தேக்சா! அடுத்து எரிவாயு அடுப்பு, அரிசி மூட்டை, இஞ்சி பூண்டு விழுது. ஆண்கள் ஏரிக்கரையில் காற்று வாங்கிக்கொண்டிருக்க, பெண்கள் ஒரு மரத்தடியில் அமர்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பார்கள். சாப்பிட்டு முடித்ததும் பாத்திரம் துலக்க வேண்டும். துலக்கி முடிப்பதற்குள் ‘நேரமாகிவிட்டது, ஏறுங்கள்’ என்பார் ஓட்டுநர். அவர்கள் அம்மலையில் கண்டது என்ன? வீட்டில் காணும் அதே அடுப்பை 1,000 மீட்டர் உயரத்தில் கண்டதுதான்.

நம் பெண்களில் நாற்பதைக் கடந்த பலருக்குச் சர்க்கரை நோயும் மூட்டு வலியும் உண்டு. மருத்துவர் ஒவ்வொரு முறையும் ‘நடங்கள் அம்மா’ என்கிறார். எங்கே நடப்பது? நம் தெருக்களில் நடைமேடை என்று ஒன்று இருந்தால், அதன்மேல் இருசக்கர வண்டிகள் நிற்கின்றன. மொட்டை மாடியில் எட்டு வடிவில் சுற்றிச் சுற்றி நடக்கிறார்கள். அதையும் எதிர்வீட்டார் பார்க்கக் கூடாதென்று மஃரிபுக்குப் பின்னரே. கால் போன போக்கில் ஒரு பாதையில் நேராக அரை மணி நேரம் நடந்த அனுபவம் அவர்களுள் எத்தனை பேருக்கு வாய்த்திருக்கும்?

என் மாமியார் அம்பத்தூரில் ஒரே சந்தில் முப்பத்தைந்து ஆண்டுகளைக் கழித்தவர். சில ஆண்டுகளுக்கு முன் டிசம்பர் விடுமுறையில் மூன்று குடும்பங்களாக ஏலகிரி சென்றபோது, அடுப்பைக் கொண்டு செல்வதில்லை என்று முன்கூட்டியே முடிவு செய்திருந்தோம். அவருக்கு அதில் சற்றும் உடன்பாடில்லை. ‘கடைச் சோற்றையா பிள்ளைகளுக்குக் கொடுப்பது?’ என்று இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மலையேறிய மறுநாள் காலை, ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின், ஏரிக்கரைப் பக்கம் நடக்கப் புறப்பட்டோம். பாதி வழியில் ஒரு கல்லின்மேல் அமர்ந்தார். களைப்போ என்று எண்ணி நான் தண்ணீரை நீட்டினேன். வாங்கி வைத்துக்கொண்டு, சற்று நேரம் எதிரிலிருந்த மரங்களைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “மாப்பிள்ளை, ஒரு மணி நேரமா யாரும் என்கிட்ட எதுவும் கேக்கலே.”

நான் என்ன பதில் சொல்வது? மதரஸாவில் தாயின் சிறப்பைப் பற்றி ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறவன் நான். அன்று ஒரு சொல்லும் வரவில்லை.

ஆகவே, குடும்பத் தலைவர்களே, தேக்சாவை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். அத்தனாவூர்க் கடைகளில் இட்லியும் தோசையும் சோறும் சாம்பாரும் கிடைக்கும். ஹலால் பற்றிய கவலை இருந்தால் இரண்டு நாள் முட்டையும் காய்கறியும் உண்ணுங்கள். இரண்டு நாள் இறைச்சி இல்லாவிட்டால் நமக்கு ஒன்றும் ஆகிவிடாது! திரும்பும் வழியில் வாணியம்பாடியோ ஆம்பூரோ இருக்கவே இருக்கிறது; பிரியாணிக்குப் பெயர் பெற்ற ஊர்கள். அவ்வூர்களை ஒட்டியே செல்லும் பாலாற்றையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு அதில் கலந்ததைக் குறித்து 1996இல் உச்ச நீதிமன்றம் கடுமையான தீர்ப்பு வழங்கியது. மலைமேல் மரமிருந்தும் கீழே ஆறு நலிந்து கிடப்பது ஏன் என்று அவர்கள் கேட்கட்டும். அத்தொழிலில் நம்மவர்க்கும் பங்குண்டாதலால், விடை சொல்லும் கடமையும் நமக்குண்டு.

சில நடைமுறைச் செய்திகள். மழை ஓய்ந்த நவம்பர் இறுதியிலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை செல்வதே நலம். இரவில் கம்பளியாடை தேவைப்படும். சனி, ஞாயிறுகளில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வண்டிகள் குவிகின்றன. இயன்றவர்கள் வாரத்தின் நடுவே செல்லுங்கள். சுவாமிமலைக் காட்டுப்பாதையில் அனுமதியின்றி நுழையக் கூடாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்களைக் காட்டுத் தீ சூழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை மறந்திருக்க மாட்டீர்கள். அதன் பின்னர் அரசு விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்னும் பெயரில் 40 பாதைகளை வழிகாட்டிகளுடன் வனத்துறை திறந்தது. ஏலகிரி சுவாமிமலைப் பாதை அவற்றுள் ஒன்று. நம் பகுதிக்கு அருகே பூண்டி நீர்த்தேக்கத்தை அடுத்த குடியம் குகைப் பாதையும் அப்பட்டியலில் உண்டு. பழக்கமில்லாத கால்களுக்கு முதலில் அதுவே ஏற்றது. பழங்கற்கால மனிதன் நடமாடிய இடம் அது. கோடையில் தீ அச்சத்தால் பாதைகளை மூடிவிடுவர்; முன்கூட்டியே கேட்டறிந்து பதிவு செய்துகொள்ளுங்கள்.

செருப்பு வேண்டாம், கேன்வாஸ் காலணி போதும். புர்கா அணிந்த சகோதரிகள் கணுக்காலுக்குச் சற்று மேல் நிற்கும் நீளத்தில், பருத்தித் துணியில் அணிந்தால் முள்ளில் மாட்டாது, கால் இடறாது. வளைவுகளில் குரங்குகளுக்கு எதையும் எறியாதீர்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களுக்கு நம் மாநிலத்தில் 2019 ஜனவரி முதல் தடையுண்டு. குப்பையைத் திரும்பக் கொண்டுவர ஒரு மஞ்சள் பை போதும். ஒலிபெருக்கியைத் தொடவே தொடாதீர்கள். நாத்தாக இருந்தாலும் காதுக்குள் இருக்கட்டும். காட்டுக்கென்று ஓர் ஓசை இருக்கிறது.

தொலைவு 200 கி.மீ.யைக் கடப்பதால் நாம் அங்கே முசாஃபிர்கள். நான்கு ரக்அத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்கித் தொழலாம். ஷாஃபிஈ மத்ஹபினர் லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழவும் இடமுண்டு. ஹனஃபிகள் அவ்வாறு சேர்ப்பதில்லை. இரு சாராரும் ஒரே வேனில் சென்றால் இதைப் பற்றி வழியிலேயே விவாதத்தைத் தொடங்கிவிடாமல் அவரவர் முறைப்படி தொழுதுகொள்ளுங்கள். உளூவுக்குத் தண்ணீரும் விரிப்பும் கையில் இருக்கட்டும்.

பயண நாளைக் குறிக்கும் பொறுப்பை வீட்டுப் பெண்களிடமே விட்டுவிடுங்கள். காலை ரயிலில் ஏறினால் பிற்பகலுக்குள் அத்தனாவூரில் இறங்கிவிடலாம். அறையில் பெட்டிகளை வைத்ததும் தேநீருக்குச் சொல்லிவிட்டு, அஸருக்குப் பிறகு ஏரியைச் சுற்றி ஒரு முறை நடந்து வாருங்கள். மலையேற்றத்தை மறுநாள் காலை பார்த்துக்கொள்ளலாம்.